வெள்ளைச் சீட்டும் ஏழு மணி வேனும்

டிசம்பர் 11, புதன்

இந்த டைரி வருஷப் பிறப்புக்கு நூல் கடைக்காரர் கொடுத்தது. வருஷம் முடியப் போகிறது, ஒரு வரிகூட எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், ஏனென்றால் கோபம் வந்தால் எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே ஆள் மேல்தான் கோபமே.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஒரு வேட்பு மனுவைக் கொண்டுவந்து குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பூங்கொடி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குங்க?"

"வார்டு எலெக்சனுக்கு. நம்ம மூணாவது வார்டு இந்தத் தடவ பொம்பளைங்களுக்குப் போயிருச்சு. நா நிக்க முடியாது. நீ நின்னா நா நின்ன மாதிரி."

"அப்ப நா என்ன பண்டோணும்?"

"நீ ஒண்ணும் பண்ட வேண்டாம். எல்லாம் நா பாத்துக்கறேன்."

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு ஊரில் நல்ல பெயர். டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறார், யாரிடமும் சண்டை கிடையாது. நான் தான் சண்டைக்காரி என்று சொல்வார்கள். கையெழுத்தைப் போடாமல் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். இன்று தண்ணீர் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் பகல் பதினொன்றுக்கு மேல்தான் குழாயில் வரும். இன்று இன்னும் தாமதம். மோட்டார் போடுகிற மூர்த்தி முதலில் சென்னியப்பனின் கோழிப் பண்ணைத் தொட்டிகளை நிரப்பிவிட்டு, அப்புறம்தான் ஊர் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவார். சென்னியப்பன் முன்பு துணைத் தலைவராக இருந்தவர். பதவி போனாலும் மோட்டார் இன்னும் அவர் பேச்சைத்தான் கேட்கிறது.

இந்தத் தண்ணீருக்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். ஏழு மணிக்கு வேன் வரும். பதினொன்றுக்குத் தண்ணீர் பிடிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான் என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள் என்பது ஞாபகமில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. இன்று காலையிலும் வேன் ஹாரன் கேட்டது. கேட்டது, அவ்வளவுதான்.

டிசம்பர் 12, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். சும்மா போட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

சின்னம் கொடுத்துவிட்டார்கள். சீப்பு. இவருக்குத் தலையில் காதோரம் தவிர முடியே கிடையாது. இந்தத் தலையோடு வீடு வீடாகப் போய்ச் சீப்புக்கு ஓட்டுக் கேட்கப் போகிறார். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகளுக்கு போன் செய்து சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

டிசம்பர் 20, வெள்ளி

போஸ்டர் வந்தது. இவர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மூலையில் ஆதார் கார்டுப் படத்தில் நான், ஏதோ களவு செய்து பிடிபட்டவள் மாதிரி. "உங்கள் வேட்பாளர்" என்பது அவர் வயிற்றுக்குக் கீழே அச்சாகியிருக்கிறது.

"எலெக்சன்ல நிக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

"சனங்களுக்கு என்னைத்தான தெரியும்?" என்றார்.

நியாயம்தான். நானும் இந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷமாகத்தான் இருக்கிறேன்.

டிசம்பர் 21, சனி

இன்று இவரோடு ஓட்டுக் கேட்கப் போனேன். பின்னால் நின்று கும்பிட்டால் போதும் என்றார். நான்கு வீடு கும்பிட்டேன். ஐந்தாவது வீட்டில் அய்யாவு மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "இது எம்.எல்.ஏ. எலெக்சனா, எம்.பி. எலெக்சனா அம்மணி?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லீங் மாமா. இது தண்ணி எலெக்சன்" என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அய்யாவு மாமா காலைக் கீழே தொங்கப்போட்டு, "அப்புடிச் சொல்லு. எந்தப் பட்டன்?" என்றார்.

பட்டன் கிடையாது என்று விளக்கினேன். எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்குத்தான் மெஷின். அதில் ஒரு ஓட்டு, ஒரு பட்டன், ஒரு சத்தம், வேலை முடிந்தது. உள்ளாட்சிக்கு நான்கு சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் இருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சியே கிடையாது, சீப்பும் பூட்டும்தான் இருக்கும். நான்கிலும் தனித்தனியாக முத்திரை குத்த வேண்டும்.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எங்கும் இதே குழப்பம்தான். போன தடவை வெள்ளைச் சீட்டில் கட்சிச் சின்னத்தைத் தேடிக் காணாமல் அப்படியே மடித்துப் போட்டுவிட்டேன் என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருத்தி, கட்சிச் சின்னம் இல்லாதது அரசாங்கத்தின் தப்பு என்று நினைத்து இருக்கிற எல்லாச் சின்னத்திலும் குத்திவிட்டு வந்திருக்கிறாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

கம்பெனியிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த கட்டிங் துணி பரணில் ஒரு மூட்டை கிடக்கிறது. அதில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நான்கையும் பொறுக்கி, சீட்டு அளவுக்குக் கத்தரித்து, பேனாவால் சின்னங்கள் வரைந்தேன். சாயங்காலம் தெருக்குழாய் முன்னால் ஸ்டூல் போட்டு, சோடா மூடியில் நீலம் தொட்டு முத்திரை குத்தப் பழக்கினேன். சின்னத்தின் மேல் ஒரே ஒரு குத்து. மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டாதபடி முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், பிறகு குறுக்கே.

பெண்கள் வரிசையில் நின்று குத்தினார்கள். அம்மன் கோவில் திருவிழா மாதிரி ஒரே சிரிப்பு. எதிர்த்து நிற்கிற தங்கமுத்து மனைவியின் சொந்தக்காரர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் குதித்தார். "எதிராளி ஓட்டுக்கும் மடிக்கச் சொல்லித் தாறயே, உனக்குக் கிறுக்கா?"

"செக்கிங்ல டேமேஜ் பீஸ் யாரோடதுன்னு பாக்க மாட்டோமுங்க. டேமேஜே வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

"நீ இப்ப சூப்பர்வைசர் இல்ல."

அது எனக்குத் தெரியும்.

டிசம்பர் 24, செவ்வாய்

வழியில் சென்னியப்பனைப் பார்த்தேன். ஒன்றாம் வார்டில் அவர் மனைவி ரத்தினா நிற்கிறாள். போன வருஷம் நான் அவரிடம் நேரில் போய், தண்ணீரை விடியற்காலையில் விடச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது பாருங்கள்: "பொம்பளைங்க ஊட்டுல சும்மாதான இருக்கறீங்க? பதினொண்ணுக்கு வந்தா என்ன, ரெண்டுக்கு வந்தா என்ன?"

இன்று அவர் சிரித்துக்கொண்டே, "என்ன அம்மணி, பனியன் துணியில எலெக்சன் நடத்தறயாமா?" என்றார்.

நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்குக் காசா, பணமா.

டிசம்பர் 27, வெள்ளி

ஓட்டுப் பதிவு. பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். நான்கு சீட்டும் கையில் வாங்கி மறைவுக்குள் போனேன். வெள்ளைச் சீட்டில் என் பெயர் அச்சடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இப்போதுதான் அச்சில் பார்க்கிறேன். அதிலும் இவர் பெயருக்குக் கீழே சின்னதாக இருந்தது. இதில் இவர் பெயரே இல்லை. முத்திரையைக் கொஞ்சம் அழுத்தித்தான் குத்தினேன்.

அய்யாவு மாமா உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. அதிகாரி எட்டிப் பார்க்காமல் குரல் கொடுத்தார். "என்னங்க பெரியவரே, ஆச்சுங்களா?"

"அப்பவே குத்திட்டனுங்க. சத்தத்தத்தான் இன்னுங் காணோம்!"

பூத்தே சிரித்தது. அவர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. சத்தம் வராமல் ஓட்டு விழுந்தது எப்படித் தெரியும் என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.

ஜனவரி 2, வியாழன்

டிசம்பர் பக்கங்களோடு டைரி தீர்ந்துவிட்டது. முன்னால் புரட்டினால் ஜனவரி காலியாகத்தான் கிடக்கிறது. அதிலேயே எழுதுகிறேன். கிழமை பொருந்தாது, அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெயித்துவிட்டேன்!

டவுன் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். பெட்டியைக் கவிழ்த்ததும் நான்கு நிறமும் கலந்து கிடந்தது. முதலில் நிறம் பிரித்தார்கள், பிறகு வார்டு பிரித்தார்கள். எங்கள் வார்டு வந்ததும் எண்ணியவர் மேஜையை ஒருமுறை தேடினார். "செல்லாத ஓட்டு தனியா எங்க வெச்சீங்க?" என்று பக்கத்தில் கேட்டார். இருந்தது மூன்றே மூன்று. மற்ற வார்டுகளில் அது ஒரு கட்டாகவே இருந்தது. அத்தனை பேரும் என் சோடா மூடியில் பழகியவர்கள் என்று சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசம்.

வெளியே வந்தோம். மாலையை இவர் கழுத்தில் போட்டார்கள். இவரும் போட்டுக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி ஜீப்பில் நின்று வந்தார். நான் உள்ளே உட்கார்ந்து வந்தேன். அய்யாவு மாமா மட்டும் என் பக்க ஜன்னலுக்கு வந்து, "அப்ப என்ற ஓட்டு உளுந்துதானே இருக்குது?" என்றார்.

ஜனவரி 6, திங்கள்

பதவி ஏற்பு. "படிக்கச் சொல்றதப் படி, அதோட உன்ற வேலை முடிஞ்சுது" என்று இவர் சொல்லித்தான் கூட்டி வந்தார். ஆறு வார்டு, ஆறு உறுப்பினர், அதில் நாங்கள் நான்கு பேர் பெண்கள். ஐந்தாம் வார்டு சுலோச்சனா தையல் கடை வைத்திருக்கிறாள், வாய்த்துடுக்கு. ஆறாம் வார்டு மரகதம் சின்னப் பெண், பேசவே மாட்டாள். ஒன்றாம் வார்டு ரத்தினா. இரண்டாம் வார்டுக்காரரும் நான்காம் வார்டுக்காரரும் சென்னியப்பனின் கூட்டாளிகள். தலைவராக ஜெயித்த வேலுச்சாமி ஓய்வுபெற்ற கண்டக்டர், யார் என்ன சொன்னாலும் "ரைட்டு" என்பார்.

நால்வர் வீட்டுக்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். உறுப்பினர்களான எங்களுக்குப் பின்வரிசை. ரத்தினா உட்கார்ந்தபடியே தூங்கி என் தோளில் சாய்ந்தாள்.

"என்ன ரத்தினா, உடம்புக்கு ஆகலையா?"

"தெனமும் வெடியால நாலு மணிக்கு எந்திரிக்கறனுங்க்கா. மூர்த்தி அண்ணன் பண்ணைக்கு மோட்டாரப் போட்டா, ஒவ்வொரு தொட்டிக்கா பைப்பு மாத்தி மாத்தி வெக்கோணும். இவிய எந்திரிக்க மாட்டாங்க."

அவளும் பாவம்தான். 

ஜனவரி 8, புதன்

சென்னியப்பன் சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை துணைத் தலைவர் தேர்தல். இதற்கு ஊர் ஓட்டுப் போடாது. உறுப்பினர்கள் ஆறு பேரும் தலைவரும் சேர்ந்து ஏழு ஓட்டு, மறைமுகத் தேர்தல். ஊராட்சிச் செக்கில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கை யாருடையதோ அவரிடம் மூர்த்தியின் மோட்டாரும் இருக்கும்.

"ரத்தினாதான் துணைத் தலைவர். உங்கூட்டு ஓட்டு எனக்கு வந்துரோணும் நாச்சிமுத்து. வாய்க்கால் தூர் வார்ற வேலைக்கு உங்க டிராக்டர்தான்."

"அதுக்கென்ன மாப்ள, குடுத்தாச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார் இவர்.

நான் டீ கொடுத்தேன். என் ஓட்டை என் முன்னாலேயே கொடுத்து முடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று இரண்டு பேரும் சொன்னார்கள். டம்ளர்களை வாங்கிக் கழுவப் போட்டேன், கொஞ்சம் சத்தமாக. கோபத்தில்தான்.

ஜனவரி 9, வியாழன்

சுலோச்சனா வீட்டுக்கு மாவரைக்கப் போனேன். எங்கள் வீட்டிலும் கிரைண்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. மரகதமும் அங்கே மாவரைக்க வந்திருந்தாள். நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் அரிசி அப்படியே ஊறிக்கொண்டிருக்கிறது, அரைக்க மறந்திருக்கிறோம்.

ஜனவரி 10, வெள்ளி

தலைவர் வேலுச்சாமி வீட்டம்மாவுக்குக் கறிவேப்பிலை கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் வீட்டில் இருந்தார். கடைசியில் "ரைட்டு" என்றார். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் ரைட்டு என்பவர். மனசு ஒரு நிலையில் இல்லை.

ஜனவரி 11, சனி

கை ஓயும்வரை எழுதப் போகிறேன்.

ஊராட்சி அலுவலகத்துக்கு இவரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். சென்னியப்பன் பட்டாசுச் சரத்தோடு ஒரு ஆளையே நிறுத்தியிருந்தார். கதவு திறந்து அதிகாரி பெயரைச் சொன்ன நொடியில் கொளுத்த வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. தேர்தல் நடத்த வந்தது ஒரு பெண் அதிகாரி, கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். வாசலிலேயே நான்கு வீட்டுக்காரர்களையும் நிறுத்திவிட்டார்.

"மெம்பருங்க மட்டும் உள்ள வாங்க."

"நா மூணாவது வார்டு மெம்பருங்க" என்றார் இவர், பழக்க தோஷத்தில்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். "பூங்கொடி நீங்களா?"

நான்கு பேரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். செல்போன்களையும் வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே எவ்வளவு அமைதி! முதல் தடவையாக நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

இரண்டாம் வார்டுக்காரர் ரத்தினா பெயரை முன்மொழிந்தார், நான்காம் வார்டுக்காரர் வழிமொழிந்தார். "வேற யாராச்சும் போட்டியிடறீங்களா?" என்று அதிகாரி கேட்டு முடிக்கவில்லை, சுலோச்சனா எழுந்தாள்.

"மூணாவது வார்டு பூங்கொடி அக்காவ நா முன்மொழியறனுங்க."

பேசவே தெரியாத மரகதம், "நா வழிமொழியறனுங்க" என்றாள். குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாம் வார்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அதிகாரி பார்த்த பார்வையில் திரும்பவும் நேராக உட்கார்ந்தார்.

ஏழு சீட்டு, ஏழு மடிப்பு. நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான், சுலோச்சனா, மரகதம், தலைவர் ரைட்டு என்றது உண்மையானால் நான்கு. அவர் மட்டும் மாறினால் போயிற்று. அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு பக்கமாக அடுக்கினார்.

"ரத்தினா, ரெண்டு. பூங்கொடி, அஞ்சு."

அஞ்சு! சுலோச்சனா மேஜையைத் தட்டினாள். மரகதம் அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன், எழுதினால் என்ன. அதிகாரி கதவைத் திறந்து, "துணைத் தலைவரா பூங்கொடி தேர்வாகியிருக்காங்க" என்றார். பட்டாசுக்காரன் எந்தப் பெயர் என்று பார்க்கவில்லை. கதவு திறந்தது, பெயர் ஒன்று காதில் விழுந்தது, கொளுத்திவிட்டான். சென்னியப்பன் "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்தியது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பத்தாயிரம் வாலா. அத்தனையும் எனக்கு வெடித்தது.

புகை அடங்கியதும் இவர் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எப்ப நின்ன?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, நா நின்னா நீங்க நின்ன மாதிரின்னு."

 இவர், யாரோ தனக்குப் போடக் கொண்டுவந்த மாலையைக் கையில் வாங்கி, என் கழுத்தில் போட்டார். கல்யாணத்தன்று போட்டதைவிட நேராகப் போட்டார்.

ஜனவரி 13, திங்கள்

தலைவரும் நானும் மூர்த்தியைக் கூப்பிட்டோம். இனி ஊர் டேங்குதான் முதலில், விடியற்காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர், பண்ணைக்கு அதற்கு அப்புறம்தான்.

"எனக்கென்னங்க, யார் சொன்னாலும் மோட்டாரு ஓடும்" என்றார் மூர்த்தி. இத்தனை வருஷமாக இவ்வளவுதானா விஷயம்!

சென்னியப்பன் ஓடி வந்தார். "என்ற கோழிக்கு எப்ப தண்ணி?"

"கோழி சும்மாதானுங்க இருக்குது? பதினொண்ணுக்கு வந்தா என்ன, ரெண்டுக்கு வந்தா என்ன?"

தலைவர் "ரைட்டு" என்றார்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து ரத்தினா ஒரு தூக்கில் அரிசியும் வெல்லமும் இடித்த பச்சமாவு கொண்டுவந்து கொடுத்தாள். முகம் தெளிந்து, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். "இப்பல்லாம் ஆறரை வரைக்கும் தூங்கறனுங்க்கா" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "அந்தச் சீட்ட நீளவாக்குலதானே மொதல்ல மடிக்கோணும்? சரியாத்தான் மடிச்சேன்" என்றாள்.

ஐந்தாவது ஓட்டு யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. அது ரகசிய வாக்கெடுப்பு.

ஜனவரி 20, திங்கள்

கம்பெனிக்கு போன வாரமே போன் செய்திருந்தேன். என் மேஜையில் ஆள் தேவைதானாம்.

இன்று ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. அண்டா, குடம், சிமெண்ட் தொட்டி எல்லாம் நிறைந்தது. தெருக்குழாய்க்கு இவரே இரண்டு குடத்தோடு போனார். நடுவில் நுழையப் பார்த்தவரைப் பெண்கள், "துணைத் தலைவர் ஊட்டுக்காரரா இருந்தாலும் வரிசையில வாங்க" என்று கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். நின்றார். சிரித்துக்கொண்டேதான் நின்றார்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். ஹாரன் அடித்தது. டிரைவர் கதவைத் திறக்காமல் விளையாட்டுக் காட்டினார்.

"சூப்பர்வைசருங்களா, துணைத் தலைவருங்களா, எப்புடிக் கூப்பிடறதுங்க?"

"மொதல்ல கதவத் தொறங்க!"

முன்பு நான் உட்காரும் ஜன்னலோர இடத்தை, கூட வேலை பார்த்த ஜோதி காலியாக வைத்திருந்தாள். உட்கார்ந்தேன். வேன் கிளம்பியது. மூன்று வருஷமும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இன்று இல்லை.